மெயில் ஐடி எங்கே எழுதி வைத்திருக்கிறது? அலுவலக சர்வரில் முகவரி தேடும்போது வரும் குழப்பங்கள்

மைக்ரோசாப்டின் மெயில் சர்வர் மென்பொருள் எக்சேஞ்ச். அதன் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சொந்த மெயில் சர்வரை இத்தனை வருடமாக எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்த சின்ன, நடுத்தர அலுவலகங்கள் பலவும் இப்போது புதுப் பதிப்புக்கோ கிளவுடுக்கோ மாறும் வேலையில் இருக்கின்றன. அந்த வேலை தொடங்கியதும் முதலில் வரும் கோரிக்கை ரொம்பச் சாதாரணமானது: "நம்ம ஆளுங்களோட மெயில் ஐடி எல்லாத்தையும் ஒரு லிஸ்ட் எடுத்துக் கொடுங்க."

எடுக்கப் போனால்தான் தெரியும். எச்ஆர் வைத்திருக்கும் எக்ஸெலில் ஒரு எண்ணிக்கை, விண்டோஸ் சர்வரின் யூசர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் இன்னொன்று, எக்சேஞ்சில் மூன்றாவதாக ஒன்று. மூன்றுமே தப்பில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு புலத்தை (பதிவில் ஒரு விவரத்துக்கான கட்டத்தை) பார்த்து எண்ணியிருக்கிறார்கள், அதனால்தான் ஒத்துவரவில்லை. ஒருவருடைய மெயில் முகவரி சர்வரில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருக்கும் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு, எந்தப் புலம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் வெறும் கட்டளைகள்தான்.

முதலில் அடிப்படை: டைரக்டரி வேறு, மெயில் சர்வர் வேறு

டைரக்டரி என்பது அலுவலகத்தில் உள்ள ஆட்கள், குழுக்கள், கணினிகள் எல்லாவற்றின் பதிவேடு. யார், என்ன பெயர், எந்தத் துறை, எந்த போன் நம்பர், லாகின் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மெயில் சர்வர் வரும் மெயிலை வாங்கி, இது யாருக்கு என்று அந்தப் பதிவேட்டில் பார்த்து, உரிய மெயில்பாக்ஸில் போடும்.

இந்தப் பதிவேட்டு யோசனை பழசு. 1988-இல் எக்ஸ்.500 என்ற தரநிலை வந்தது; கனமானது, அன்றைய மேசைக் கணினிகளால் தாங்க முடியாதது. அதை மெலிதாக்கி 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான் எல்டாப். இன்றும் டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் மொழி இதுதான், வழக்கமான வாசல் 389-ஆம் போர்ட். எக்சேஞ்ச் 4.0 (1996), 5.5 (1997) பதிப்புகளில் மெயில் சர்வருக்குள்ளேயே தனியாக ஒரு டைரக்டரி இருந்தது. அதன் வழி வந்ததுதான் விண்டோஸ் 2000-உடன் வெளியான ஆக்டிவ் டைரக்டரி. அதற்குப் பிறகு எக்சேஞ்ச் தன் சொந்தப் பதிவேட்டைக் கைவிட்டு ஆக்டிவ் டைரக்டரியிலேயே எல்லாவற்றையும் எழுதத் தொடங்கியது.

ஆகவே "சர்வரில் முகவரி தேடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எக்சேஞ்சைத் திறந்தாலும் சரி, விண்டோஸ் கருவிகளைத் திறந்தாலும் சரி, கடைசியில் படிப்பது ஒரே ஆக்டிவ் டைரக்டரியைத்தான். எந்தப் புலத்தைப் படிக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரே ஆளுக்கு ஐந்து பெயர்

செந்தில்குமார் என்று ஒரு ஊழியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பதிவைத் திறந்தால் மெயில் ஐடி போலவே தோன்றும் அல்லது மெயில் ஐடி என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படும் புலங்கள் குறைந்தது ஐந்து இருக்கும்.

1. சாம் அக்கவுண்ட் நேம். விண்டோஸ் என்டி காலத்து லாகின் பெயர். 20 எழுத்துக்கு மேல் போகாது. இதன் பின்னால் "@கம்பெனி.காம்" சேர்த்துவிட்டால் மெயில் ஐடி ஆகிவிடும் என்று நம்பி லிஸ்ட் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அது சரியாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

2. யூசர் பிரின்சிபல் நேம், சுருக்கமாக யுபிஎன். இதுவும் லாகின் பெயர்தான், ஆனால் பார்ப்பதற்கு அச்சு அசல் மெயில் ஐடி மாதிரியே நடுவில் "@" போட்டு இருக்கும். இது மெயில் ஐடியோடு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல பழைய அலுவலகங்களில் யுபிஎன் "@கம்பெனி.லோக்கல்" என்று முடியும், வெளியிலிருந்து அதற்கு யாரும் மெயில் அனுப்பவே முடியாது.

3. மெயில். புலத்தின் பெயரே மெயில் என்பதால் எல்லோரும் இதையே நம்புகிறார்கள். எக்சேஞ்ச் வழியாக மெயில்பாக்ஸ் உருவாக்கினால் முதன்மை முகவரி இங்கே வந்து உட்காரும். ஆனால் யூசரின் பண்புகளைத் திறந்து ஜெனரல் டேபில் ஒரு அட்மின் கையால் எதை அடித்தாலும் அதையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். மெயில்பாக்ஸே இல்லாத ஒருவருக்கு அவருடைய ஜிமெயில் முகவரி இங்கே எழுதப்பட்டிருப்பது சர்வ சாதாரணம்.

4. மெயில் நிக்நேம். எக்சேஞ்சில் "ஏலியஸ்" என்று காட்டப்படுவது. முகவரியின் முன்பாதியை உருவாக்கப் பயன்படுகிறது, தனியாக இது முகவரி அல்ல.

5. ப்ராக்ஸி அட்ரஸஸ். மெயில் உண்மையில் வந்து சேர்வதை முடிவு செய்வது இதுதான்.

மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள உறவை இப்படிச் சொல்லலாம்: மெயில் புலம் வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, ப்ராக்ஸி அட்ரஸஸ் தபால்காரர் கையில் இருக்கும் பட்டியல். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் தபால்காரர் தன் பட்டியலைத்தான் பார்ப்பார்.

ப்ராக்ஸி அட்ரஸஸ் புலத்துக்குள் என்ன இருக்கிறது

இந்தப் புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருக்கலாம், வழக்கமாக இருக்கும். செந்தில்குமாருடையதைத் திறந்தால் இப்படி ஒரு பட்டியல் தெரியும்:

- பெரிய எழுத்தில் எஸ்எம்டிபி: செந்தில்குமார்@கம்பெனி.காம்
- சிறிய எழுத்தில் எஸ்எம்டிபி: செந்தில்@கம்பெனி.காம்
- சிறிய எழுத்தில் எஸ்எம்டிபி: பர்ச்சேஸ்@கம்பெனி.காம்
- சிறிய எழுத்தில் எஸ்எம்டிபி: செந்தில்@பழையகம்பெனி.காம்
- எக்ஸ்500: சாய்கோடுகள் நிறைந்த நீளமான ஒரு வரி

முன்னால் இருக்கும் அந்த எஸ்எம்டிபி (மெயில் பரிமாற்ற நெறிமுறையின் பெயர்) என்ற ஒட்டு ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அது முதன்மை முகவரி. அவர் அனுப்பும் மெயிலில் "அனுப்புநர்" என்று வெளியே போவது அதுதான். சிறிய எழுத்தில் இருந்தால் துணை முகவரி. வரும் மெயிலை வாங்கிக்கொள்ளும், ஆனால் பதில் போகும்போது முதன்மை முகவரியிலிருந்தே போகும். ஒரு ஆளுக்கு முதன்மை ஒன்றுதான். இவ்வளவு முக்கியமான ஒரு விஷயத்தை எழுத்தின் அளவை வைத்தா முடிவு செய்வார்கள் என்று கேட்டால், ஆம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

தேடும்போது மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கப்படாது. எப்படித் தட்டினாலும் இரண்டும் கிடைக்கும். அது தேடுபவருக்கு வசதி, ஆனால் எடுத்த லிஸ்டில் எது முதன்மை என்று பிரிக்கும்போது எழுத்தளவு பார்க்கும் ஒப்பீட்டை ஸ்கிரிப்டில் தனியாகப் போட வேண்டும், இல்லையென்றால் பர்ச்சேஸ் முகவரியும் முதன்மை முகவரி ஆகிவிடும்.

இந்த முகவரிகள் பெரும்பாலும் தானாக வருபவை. எக்சேஞ்ச் 2003 வரை ரெசிப்பியன்ட் அப்டேட் சர்வீஸ் என்ற பின்னணிச் சேவை அவற்றை எழுதியது. 2007 முதல் ஈமெயில் அட்ரஸ் பாலிசி எழுதுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவருக்குப் புது முதன்மை முகவரி வரும்போது பழையது அழியாமல் துணை முகவரியாகத் தங்கிவிடுவதும் இதனால்தான். அது நல்லதுதான். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய சர்வரில் ஒருவருக்கு ஏழெட்டு முகவரி சேர்ந்திருக்கும், அதில் எது இன்னும் உபயோகத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே முகவரி இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. எக்சேஞ்சின் கருவிகள் எழுதும்முன் இதைச் சரிபார்க்கும். ஆக்டிவ் டைரக்டரி சரிபார்க்காது. ஆகவே யாராவது ஒரு ஸ்கிரிப்ட் மூலம் நேரடியாக டைரக்டரியில் எழுதி, அதில் ஒரு முகவரி இரண்டு இடத்தில் விழுந்துவிட்டால், அந்த முகவரிக்கு வரும் மெயில் இருவருக்குமே போகாது. 5.1.4 என்ற எண்ணோடு திரும்பிப் போகும். முகவரி இல்லவே இல்லை என்றால் வரும் எண் 5.1.1 அல்லது 5.1.10. பவுன்ஸ் மெயிலில் இந்த எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தேடல்: மூன்று கேள்விகள், மூன்று வழிகள்

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், திரையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

கேள்வி 1: இவருடைய முகவரிகள் என்னென்ன?

ஒரே ஒருவர் என்றால் கட்டளையே வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் கருவியில் வியூ மெனுவுக்குப் போய் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸை இயக்கிவிட்டு, யூசரைத் திறந்தால் அட்ரிபியூட் எடிட்டர் என்று ஒரு டேப் வரும். அதில் ப்ராக்ஸி அட்ரஸஸைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வேடிக்கை: ஃபைண்ட் பெட்டியில் பெயரைத் தேடி அங்கிருந்து யூசரைத் திறந்தால் அந்த டேப் வராது. மரக்கிளை வழியாக அவர் இருக்கும் கோப்புறைக்கே போய்த் திறக்க வேண்டும். இது தெரியாமல் "என் சர்வர்ல அந்த டேபே இல்ல" என்று சொல்பவர்கள் ஏராளம்.

விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் என்றால் கெட்-ஏடியூசர். இது சும்மா கேட்டால் பத்துப் பண்புகளைத்தான் தரும், அதில் மெயிலும் இருக்காது, ப்ராக்ஸி அட்ரஸஸும் இருக்காது. ப்ராப்பர்ட்டீஸ் என்ற சுவிட்சில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் லிஸ்ட் எடுத்துவிட்டு, மெயில் நிரல் காலியாக வந்ததைப் பார்த்து யாருக்குமே மெயில் ஐடி இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொன்று, சாதாரண பவர்ஷெல் திரை ஒரு புலத்தில் பல மதிப்புகள் இருந்தால் முதல் நான்கை மட்டும் காட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். ஐந்தாவது முகவரி இருக்கிறது, திரையில்தான் தெரியவில்லை.

கேள்வி 2: இந்த முகவரி யாருடையது?

நடைமுறையில் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். சேல்ஸ்@கம்பெனி.காம் முகவரிக்கு வாடிக்கையாளர்கள் மெயில் போடுகிறார்கள், அது யாருக்குப் போகிறது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அல்லது புது ஆளுக்கு முகவரி கொடுக்கப் போனால் "ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது" என்று சர்வர் மறுக்கிறது.

எக்சேஞ்ச் ஷெல் (எக்சேஞ்சுக்கான கட்டளைத் திரை) கைவசம் இருந்தால் கெட்-ரெசிப்பியன்ட் என்று தட்டி, பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் போதும். யூசரோ, குழுவோ, வெளித்தொடர்போ, பொதுக் கோப்புறையோ எதில் இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். கெட்-மெயில்பாக்ஸ் இங்கே போதாது, அது மெயில்பாக்ஸ்களில் மட்டுமே தேடும். சேல்ஸ், இன்ஃபோ, ஆர்டர்ஸ் மாதிரிப் பொது முகவரிகள் பெரும்பாலும் ஆள் பெயரில் இருக்காது, குழுவிலோ பழைய பொதுக் கோப்புறையிலோ ஒளிந்திருக்கும்.

எக்சேஞ்ச் ஷெல் இல்லையென்றால் எல்டாப் வடிகட்டியை எழுத வேண்டியதுதான்: அடைப்புக்குறிக்குள் ப்ராக்ஸி அட்ரஸஸ், சமக்குறி, எஸ்எம்டிபி, முக்காற்புள்ளி, முழு முகவரி. அந்த எஸ்எம்டிபி ஒட்டை மறந்தால் எதுவும் கிடைக்காது, காரணம் டைரக்டரியில் மதிப்பு அந்த ஒட்டோடு சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கிறது. முன்னால் நட்சத்திரக்குறி போட்டு "இந்த டொமைனில் முடிகிற எல்லாம்" என்றும் தேடலாம், ஆனால் பெரிய டைரக்டரியில் அது மெதுவாக ஓடும்.

கிடைத்த பிறகும் ஒரு படி இருக்கிறது. முகவரிக்கு உரியவர் யார் என்று தெரிந்துவிட்டது, மெயில் அவரிடமே நிற்கிறதா? ஃபார்வர்டிங் போட்டிருந்தால் அது வேறொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த அமைப்பு வேறு புலங்களில் இருக்கிறது, ப்ராக்ஸி அட்ரஸஸில் தெரியாது. நின்றுபோன ஊழியருடைய மெயிலை மேலாளருக்குத் திருப்பிவிட்டு, பிறகு மேலாளரும் போய்விட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

கேள்வி 3: எல்லோருடையதும் வேண்டும்

வழியில் கிடக்கும் பள்ளங்கள் இவை:

1. எண்ணிக்கை வரம்பு. டிஎஸ்குவெரி கட்டளை 100 பேரோடு நிறுத்திக்கொள்ளும். கெட்-மெயில்பாக்ஸ் 1000 பேரோடு நிறுத்தும். பக்கம் பக்கமாகக் கேட்காத எல்டாப் தேடலுக்கும் வரம்பு 1000. உங்கள் லிஸ்ட் மிகச்சரியாக 100 அல்லது 1000 வரியில் முடிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். டிஎஸ்குவெரிக்கு லிமிட் பூஜ்யம், எக்சேஞ்ச் கட்டளைக்கு ரிசல்ட்சைஸ் அன்லிமிடெட்.

2. எக்ஸெலில் வரும் விசித்திர வரி. ப்ராக்ஸி அட்ரஸஸை நேரடியாக சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வரியிலும் முகவரிக்குப் பதிலாக "மைக்ரோசாப்ட்.ஆக்டிவ்டைரக்டரி.மேனேஜ்மென்ட்" என்று தொடங்கி "வேல்யூகலெக்ஷன்" என்று முடியும் ஒரே நீளப்பெயர் கீழ்வரை இறங்கியிருக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. பல மதிப்புகள் உள்ள புலத்தை ஒரே செல்லில் எப்படி எழுதுவது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பவர்ஷெல் அந்தப் புலத்தின் வகைப்பெயரை எழுதிவிட்டது. ஜாயின் போட்டு அரைப்புள்ளியால் இணைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

3. "இயங்கும் யூசர்கள் மட்டும்" என்ற வடிகட்டி. நின்றுபோனவர்களைத் தவிர்க்கலாம் என்று நல்லெண்ணத்தில் போடுவது. ஆனால் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்ட் மெயில்பாக்ஸ், மீட்டிங் அறைக்கான மெயில்பாக்ஸ் எல்லாவற்றின் அக்கவுண்டும் எப்போதுமே முடக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும், யாரும் அதில் நேரடியாக லாகின் செய்யக் கூடாது என்பதற்காக. வடிகட்டியைப் போட்டதும் அக்கவுண்ட்ஸ்@, சப்போர்ட்@ எல்லாம் லிஸ்டிலிருந்து காணாமல் போகும். மாற்றும் வேலை முடிந்து திங்கட்கிழமை காலை பில் அனுப்பும் முகவரிக்கு மெயில் வரவில்லை என்று போன் வரும்போதுதான் தெரியவரும்.

4. இதற்கு நேர்மாறான தவறு. அக்கவுண்டை முடக்கிவிட்டால் மெயில் வருவது நின்றுவிடும் என்று நினைப்பது. நிற்காது. ஆள் போய் அக்கவுண்ட் முடங்கினாலும் முகவரி உயிரோடு இருக்கும், மெயில் வந்து குவிந்துகொண்டே இருக்கும்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் அதிகச் சேதம் செய்வது, எனவே லிஸ்டை யூசர்களிலிருந்து தொடங்காமல் கெட்-ரெசிப்பியன்ட் தரும் முழுப் பட்டியலிலிருந்து தொடங்கி வேண்டாததைக் கழிப்பதே என் பரிந்துரை. நீளமாக இருக்கும், கழிக்க நேரம் பிடிக்கும், ஆனால் விடுபடாது.

பழைய ஸ்மால் பிசினஸ் சர்வர் இன்னும் ஓடுகிறதென்றால்

ஒரே பெட்டியில் விண்டோஸ், ஆக்டிவ் டைரக்டரி, எக்சேஞ்ச் மூன்றையும் போட்டு 75 பேர் வரை உள்ள அலுவலகங்களுக்கு மைக்ரோசாப்ட் விற்ற தொகுப்பு ஸ்மால் பிசினஸ் சர்வர், எஸ்பிஎஸ். 2003, 2008, 2011 பதிப்புகள் வந்தன. 2012-இல் இந்த வரிசையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2011 பதிப்பின் அடியில் இருக்கும் விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், அதிலுள்ள எக்சேஞ்ச் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. ஆனாலும் மேசைக்கடியில் தூசி மூடி ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. இவற்றில் முகவரி தேடுபவர் மூன்று விஷயங்களில் தடுக்கி விழுவார்.

முதலாவது, யூசர்கள் வழக்கமான யூசர்ஸ் கோப்புறையில் இருக்க மாட்டார்கள். அங்கே போனால் விண்டோஸ் தானாக உருவாக்கிய சில அக்கவுண்டுகளும் குழுக்களும்தான் தெரியும். மைபிசினஸ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் எஸ்பிஎஸ்யூசர்ஸ் என்று மூன்று படி இறங்க வேண்டும்.

இரண்டாவது, உள்டொமைன் பெயர் ".லோக்கல்" என்று முடியும். அதனால் ஒவ்வொருவருக்கும் லோக்கலில் முடியும் ஒரு முகவரியும் ப்ராக்ஸி அட்ரஸஸில் சேர்ந்திருக்கும். புதிய இடத்துக்கு மாற்றும்போது அதையும் சேர்த்துத் தூக்கிப்போனால், இணையத்தில் இல்லாத டொமைன் என்று புதிய சர்வர் மறுக்கும்.

மூன்றாவதுதான் நிஜமான தலைவலி: பாப்3 கனெக்டர். அந்தக் காலத்தில் பல அலுவலகங்களின் மெயில் நேராக இந்த சர்வருக்கு வராது. டொமைன் வாங்கிய ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாப் மெயில்பாக்ஸ் இருக்கும், கனெக்டர் அவ்வப்போது அங்கே போய் மெயிலை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே இருக்கும் எக்சேஞ்ச் மெயில்பாக்ஸில் போடும். எந்த வெளி மெயில்பாக்ஸ் எந்த உள் யூசருக்கு என்ற இணைப்பு கனெக்டரின் அமைப்பில் மட்டுமே இருக்கும், ஆக்டிவ் டைரக்டரியில் இருக்காது. ஆகவே டைரக்டரியில் எவ்வளவு ஒழுங்காகத் தேடினாலும் சில முகவரிகள் கிடைக்கவே கிடைக்காது. கனெக்டரின் பட்டியலைத் தனியாகத் திறந்து பார்த்து எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதில் மட்டும்தான் இருக்கும், அதையும் யாராவது மறந்திருப்பார்கள்.

சர்வரில் இருக்கிறது, அவுட்லுக்கில் இல்லை

சர்வரில் முகவரி சரியாக இருந்தும் ஊழியரின் அவுட்லுக்கில் வேறு மாதிரி தெரிவதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, அவுட்லுக் வழக்கமாக நேரடி டைரக்டரியைப் பார்ப்பதில்லை. சர்வர் அவ்வப்போது தயாரிக்கும் ஆஃப்லைன் அட்ரஸ் புக் என்ற பிரதியை நாளுக்கு ஒரு முறை இறக்கிவைத்துக்கொண்டு அதில் தேடுகிறது. காலையில் சேர்த்த ஆளை மாலையில் காணவில்லை என்றால் பதற வேண்டாம். உடனே பார்க்க வேண்டுமென்றால் வெப் அவுட்லுக்கில் பார்க்கலாம், அது சர்வரையே கேட்கும்.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கீழே விரியும் அந்தப் பட்டியல் அட்ரஸ் புக்கிலிருந்து வருவது அல்ல, முன்பு அனுப்பியவர்களின் நினைவுக் குறிப்பு. அலுவலகத்துக்குள்ளேயே அனுப்பிய மெயில் என்றால் அந்தக் குறிப்பில் இருப்பது மெயில் ஐடி கூட இல்லை, லெகசி எக்சேஞ்ச் டிஎன் என்ற எக்சேஞ்சின் உள் அடையாளம். செந்தில்குமாரின் மெயில்பாக்ஸை அழித்துவிட்டு அதே பெயரில், அதே மெயில் ஐடியில் புதிதாக உருவாக்கினால் இந்த அடையாளம் மாறிவிடும். அதன் பிறகு வெளியார் அனுப்பும் மெயில் எல்லாம் அவருக்கு ஒழுங்காக வரும், பக்கத்து மேசைக்காரர் அனுப்பினால் மட்டும் பவுன்ஸ் ஆகும்.

அந்த பவுன்ஸில் "ஐஎம்சிஇஏஇஎக்ஸ்" என்று தொடங்கும் பயங்கரமான ஒரு வரி இருக்கும். அதை மிரளாமல் படிக்கலாம்: அடிக்கோடு வரும் இடமெல்லாம் சாய்கோடு, +20 என்றால் இடைவெளி, +28 திறக்கும் அடைப்புக்குறி, +29 மூடும் அடைப்புக்குறி. இப்படி மாற்றினால் பழைய லெகசி எக்சேஞ்ச் டிஎன் கிடைக்கும். (அதன் நடுவே அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் ஒன்று, எண் 23 சேர்ந்து வரும். ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் ஒன்று பின்னால் தள்ளிப் படித்தால் "எக்சேஞ்ச்12ராக்ஸ்" என்று வரும். எக்சேஞ்ச் 2007 உருவாகும்போது அதன் உள்பெயர் "எக்சேஞ்ச் 12", எழுதியவர்களின் குறும்பு.) அந்தப் பழைய அடையாளத்தை "எக்ஸ்500" என்ற ஒட்டோடு புது மெயில்பாக்ஸின் ப்ராக்ஸி அட்ரஸஸில் சேர்த்துவிட்டால் எல்லோருடைய அவுட்லுக்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். மேலே பட்டியலில் கடைசியாக வந்த அந்த நீளமான வரி அதற்காகத்தான். முகவரிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

கிளவுடுக்குப் போனால் என்ன மாறுகிறது

மைக்ரோசாப்ட் 365-இல் டைரக்டரியின் பெயர் என்ட்ரா ஐடி, 2023 வரை அஷூர் ஆக்டிவ் டைரக்டரி. புலங்கள் ஏறக்குறைய அவையே. முக்கியமான மாற்றம் யுபிஎன்னுக்கு வரும் அந்தஸ்து: ஊழியர்கள் கிளவுடில் லாகின் செய்வது யுபிஎன்னை வைத்து. அதுவும் முதன்மை மெயில் ஐடியும் வேறாக இருந்தால் "என் மெயில் ஐடியைப் போட்டேன், உள்ளே விடவில்லை" என்று தினமும் நாலு போன் வரும். ஆகவே மாறுவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது.

உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியைக் கிளவுடோடு ஒத்திசைத்து வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான அமைப்பில் முகவரியின் மூலப்பிரதி உள்ளூரில்தான் இருக்கும். கிளவுடில் படிக்கலாம், அங்கே திருத்தப் போனால் இந்தப் பதிவு உங்கள் சொந்த சர்வரிலிருந்து வருகிறது என்று மறுத்துவிடும். இரண்டு பேருக்கு ஒரே முகவரி என்ற பழைய குப்பை இருந்தால் ஒத்திசைவே பிழை காட்டும். பல அலுவலகங்களில் அந்தக் குப்பை முதல்முறையாக வெளிச்சத்துக்கு வருவதே இங்கேதான்.

எக்சேஞ்ச் இல்லாதவர்களுக்கு

புலங்களின் பெயர்தான் மாறும், சிக்கல் அதேதான். ஜிம்ப்ரா என்ற மெயில் சர்வரில் இசட்எம்ப்ராவ் கட்டளையில் ஜிஏஏ என்று கேட்டால் எல்லா அக்கவுண்டும் வரும், ஆனால் அவற்றின் துணை முகவரிகள் வராது. ஜிம்ப்ரா மெயில் ஏலியஸ் என்ற புலத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை ஓட்டுபவர்கள் யூசர் பட்டியலை மட்டும் எடுத்தால் போதாது, ஏலியஸஸ் கோப்பையும் வர்ச்சுவல் கோப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீங்கள் தேடுவதை வேறு யாரெல்லாம் தேட முடியும்

மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையின் வரையறை, 1982-இல் வந்த ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம், வெரிஃபை, எக்ஸ்பாண்ட் என்று இரண்டு கட்டளைகளை வைத்திருந்தது. இந்த முகவரி உங்களிடம் இருக்கிறதா என்று எந்த சர்வரையும் யாரும் கேட்கலாம், குழு முகவரி என்றால் அதில் யார் யார் என்றும் கேட்கலாம். ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு அது விருந்து. இப்போது பெரும்பாலான சர்வர்கள் வெரிஃபை என்று கேட்டால் 252 என்ற எண்ணோடு, உறுதி சொல்ல முடியாது, மெயிலைக் கொடு பார்க்கிறேன் என்று மழுப்பிவிடும்.

ஆனாலும் இன்னொரு வழி இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெயர்களை ஊகித்து ஒவ்வொன்றுக்கும் மெயில் அனுப்புவதுபோல் பாவனை செய்தால், இல்லாத முகவரிக்கு சர்வர் உடனே இல்லை என்று சொல்லிவிடும். சொல்லாமல் விட்டது எல்லாம் இருப்பவை. இதைத் தாமதப்படுத்தத்தான் எக்சேஞ்ச் தவறான முகவரிக்குப் பதில் சொல்லும்முன் 5 விநாடி காக்கவைக்கிறது. முழுத் தீர்வு இல்லை, அறுவடை செய்ய வருபவனுக்கு அலுப்புத் தட்டும்.

வெளியாரைவிட உள்ளிருப்பவர்கள் விஷயம் பெரிது. வழக்கமான அமைப்பில் ஆக்டிவ் டைரக்டரியில் லாகின் உள்ள எவரும் மற்ற எல்லோருடைய மெயில் முகவரி, போன் நம்பர், துறை எல்லாவற்றையும் படிக்கலாம். அட்மின் உரிமை தேவையே இல்லை. அட்ரஸ் புக்கில் காட்டாதே என்று மறைத்து வைத்த முகவரியும் இதில் தெரியும், அந்த மறைப்பு அவுட்லுக்கின் பட்டியலுக்கு மட்டும்தான். ஆகவே ஒரே ஒரு ஊழியரின் பாஸ்வேர்ட் களவுபோய், அலுவலக நெட்வொர்க்குக்குள்ளும் நுழைய வழி கிடைத்துவிட்டால், முழு லிஸ்டும் போனது என்றே கணக்கு. மேலாளர் பெயரில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லி வரும் மோசடி மெயில் அத்தனை துல்லியமாக இருப்பதன் பின்னணி பல நேரம் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே லிஸ்ட் எடுத்து முடித்ததும் அந்த சிஎஸ்வி கோப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பொதுவாக அது சர்வரின் சி டிரைவில் டெம்ப் என்ற கோப்புறையில், எல்லோரும் திறக்கும்படி கிடக்கும். பிரின்டர், ஸ்கேனர் மாதிரி இயந்திரங்கள் முகவரி தேடுவதற்காக எப்போதோ உருவாக்கிய எல்டாப் அக்கவுண்டும் அப்படித்தான். அவசரத்தில் அதற்கு டொமைன் அட்மின் உரிமை கொடுத்து, பாஸ்வேர்டை இயந்திரத்தின் அமைப்புப் பக்கத்திலேயே விட்டிருப்பார்கள். முகவரியைப் படிப்பதற்குச் சாதாரண யூசர் உரிமையே போதும். அந்த அக்கவுண்டை அட்மின் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, ஸ்கேனரில் ஒருமுறை பெயர் தேடிப் பாருங்கள். தேடல் முன்போலவே வேலை செய்யும்.